நரம்பு மாத்திரையும் மூன்றாம் மாடி ஸ்டூலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், "காலில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது, என்ன செய்யலாம்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில், "நரம்புகள் பலவீனமடைவதால்" என்று ஆரம்பித்தது. காப்பியை அப்படியே வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதினால் நன்றாக வராது என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன். இன்னும் முழுக்கத் தணியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் என் பழைய மாணவி ஒருத்தி ஒன்றரை வருடத்தை இழந்திருக்கிறாள்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில், தங்கை மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க எங்கள் ஊரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். மூன்றாம் மாடி, பட்டுப் பிரிவு. சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண், "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றாள். 2003-ல் பிளஸ் டூ முடித்தவள். தவளையின் இதயத்தை வகுப்பிலேயே அழகாக வரைந்தவள் அவள்தான். மூலையில் ரவிக்கைத் துணிக் கட்டுகள் அடுக்கியிருந்த ஸ்டூலைக் காலி செய்து எனக்குப் போட்டாள். "நீயும் உட்காரேன்" என்றேன். மேலே இருந்த கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "எங்களுக்கு அது சரக்கு வைக்க டீச்சர்."

காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது. விழாக்காலத்தில் பத்தும் ஆகும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. பதினான்கு வருடமாக இதுதான் அவள் வேலை. பில் போடும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போகும்போது நடை சரியில்லையே என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சேலைக் கரையை லேசாகத் தூக்கிக் காட்டினாள். இடது கணுக்காலின் உள்பக்கம் கரி பூசியது மாதிரி கறுத்திருந்தது. நடுவில் பட்டாணி அளவுக்கு ஆறாத புண். ஆடுசதையில் கயிறு முறுக்கியது போல நீலமாகப் புடைத்துக்கொண்டு ஓடியது.

"நரம்பு சுருட்டல் டீச்சர். நரம்பு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மெடிக்கல் ஷாப்பில் போய் "நரம்பு" என்று சொல்லியிருக்கிறாள். அவர்களும் நரம்புக்கு உள்ளதைக் கொடுத்திருக்கிறார்கள்: வைட்டமின் பி மாத்திரை. நடுவில் சில ஊசிகள் வேறு. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் உடம்பெங்கும் சேதி கொண்டுபோகும் நரம்புக்கு அந்த வைட்டமின் தேவைதான். அவள் காலில் புடைத்திருந்ததோ ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், சிரை. அந்தக் குழாய்க்கு ஒன்றரை வருடமாக யாரும் எதுவும் செய்யவில்லை.

தமிழில் நரம்பு என்ற சொல் ரொம்பப் பழையது. யாழில் கட்டிய தந்திக்கும் அதுதான் பெயர். தோலுக்கு அடியில் நீளமாகத் தெரிவதையெல்லாம் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்போதும் "நரம்பே கிடைக்கல" என்றுதான் சொல்கிறார்கள். அதைத் திருத்தப் போவது வீண்வேலை. ஆனால் மருத்துவப் பக்கம் என்று தலைப்புப் போட்டு அச்சடிப்பவர்கள் ரத்தக்குழாய் என்று எழுதலாம் அல்லவா? குழாய் என்று சொன்னால், உள்ளே எது ஓடுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் தேங்குகிறது என்ற கேள்வி தானாக வரும். நரம்பு என்றால் "பலவீனம், சத்துக்குறைவு" என்றுதான் மனசு போகும்.

பள்ளியில் இந்தப் பாடத்துக்கு நான் படம் வரைந்ததைவிடக் கறிக்கடைக்குப் போனதுதான் அதிகம். ஆட்டு இதயத்தைக் குழாய்களோடு சேர்த்து வாங்கி வருவேன். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய குழாயான தமனியை மேசையில் வைத்தால், உள்ளே சொட்டு ரத்தம் இல்லாவிட்டாலும் வாய் திறந்தபடி நிற்கும். சிரையை வைத்தால் நனைந்த துணி மாதிரி சுருண்டு படுத்துவிடும். தமனியை வளையமாக வெட்டி இரண்டு விரலால் இழுத்து விட்டால் பட்டென்று பழைய அளவுக்குத் திரும்பும். "ரப்பர் பேண்ட் மாதிரி இருக்கு டீச்சர்!" என்று வருடா வருடம் யாராவது ஒருத்தி கத்துவாள். இதயம் விட்டுவிட்டுத்தான் அடிக்கிறது, ரத்தம் மட்டும் எப்படி நிற்காமல் ஓடுகிறது என்ற கேள்விக்கு விடை அந்த இழுவையில் இருக்கிறது. அடிக்கும்போது சுவர் விரிந்து கொடுக்கும். அடுத்த அடிக்கு முன்னால் அது சுருங்கி, மிச்சத்தை முன்னால் தள்ளிவிடும்.

இரண்டு குழாய்க்கும் சுவரில் மூன்று அடுக்குதான். வெளியே நார்ப் போர்வை, நடுவில் தசையும் மீள் இழையும், உள்ளே ஒற்றைச் செல் கனத்தில் ஒரு வழுவழுப்பான பூச்சு. தமனியில் நடு அடுக்கு தடிமன், சிரையில் மெலிசு. உள் பூச்சை வெறும் பெயின்ட் மாதிரி நினைத்துத்தான் நானும் பல வருடம் பாடம் நடத்தினேன். ரத்தம் உரசிக்கொண்டு ஓடும்போது அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து, பக்கத்துத் தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கிறது. இதைக் கண்டறிந்ததற்காக 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிறோமே ஒரு மாத்திரை, அதுவும் கடைசியில் அந்த வாயுவைக் கொண்டுதான் வேலை செய்கிறது.

சரி, ஸ்டூலுக்கு வருகிறேன். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது என்றால், எந்த நேரத்திலும் அதில் மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் இருக்கும். மெல்லிய சுவர் என்பதால் எவ்வளவு வந்தாலும் விரிந்து வாங்கிக்கொள்ளும். படுத்திருக்கும்போது இதனால் தொல்லை இல்லை. எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். அசையாமல் நின்றால், இதயத்திலிருந்து பாதம் வரைக்கும் உள்ள ரத்தத் தூணின் எடை முழுவதும் பாதத்துச் சிரையில் வந்து உட்காரும். அங்கே அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்க ஆரம்பித்தால் அதுவே 25-க்கும் கீழே வந்துவிடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஆடுசதை இறுகி, நடுவில் ஓடும் சிரையைப் பிழிந்து மேலே ஏற்றுகிறது. ஏறியது திரும்ப இறங்காமல் வழியில் வால்வுகள் தடுக்கின்றன. காலே அசையவில்லை என்றால் பிழிய ஆள் இல்லை.

இந்த வால்வை வீட்டிலேயே பார்க்கலாம். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். முன்கையில் புடைத்த சிரை ஒன்றின் மேல் மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் அழுத்துங்கள். அதை எடுக்காமல், இன்னொரு விரலால் முழங்கைப் பக்கம் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு போய் மேல்விரலை எடுத்துவிடுங்கள். வால்வு வரைக்கும் குழாய் காலியாகவே கிடக்கும், மேலே இருக்கும் ரத்தம் இறங்காது. கீழ்விரலை எடுத்தால் சட்டென்று நிரம்பும். இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் உலகத்துக்குக் காட்டிய சோதனை இது. வால்வுகளை அவருக்கு முன்பே, இத்தாலியின் பதுவாவில் அவருடைய ஆசிரியர் ஃபாப்ரீசியஸ் பார்த்துவிட்டார். ரத்தம் கைகால்களில் போய்க் குவியாமல் அவை வேகத்தைக் குறைக்கின்றன என்று அவர் நினைத்தார். எல்லா வால்வும் இதயத்தைப் பார்த்தே திறக்கிறது என்று புரிந்துகொண்டது மாணவர். ஆசிரியை என்ற முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

பாதத்தின் உள்பக்கம் புறப்பட்டு, கணுக்காலைத் தாண்டி, தொடை இடுக்கு வரை தோலுக்கு அடியிலேயே ஒரு சிரை போகிறது. உடம்பிலேயே நீளமான சிரை அதுதான். சுற்றிலும் சதை இல்லாததால் அதற்குத் தாங்கல் குறைவு. வருடக்கணக்கில் அழுத்தம் ஏறி ஏறிச் சுவர் விரிந்தால், வால்வின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழும். ஒரு வால்வு போனால் அதன் சுமையும் அடுத்ததன் தலையில். இப்படியே ஒவ்வொன்றாகப் போகும். குழாய் நீண்டு நெளியும். அழுத்தம் தாங்காத தந்துகிகள் என்ற மயிரிழைக் குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் கசிந்து சிதையும். அவற்றின் இரும்புதான் தோலில் கறையாகத் தங்குகிறது. என் மாணவி காலில் கரி பூசியது மாதிரி நான் பார்த்தது அதைத்தான். பரம்பரை, பிள்ளைப்பேறு, உடல் எடை இவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பதினான்கு வருடம் நின்றதை விட்டுவிட்டு மற்றதைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அசையாமல் நிற்பதால் உடனே என்ன ஆகும் என்பதை எல்லாரும் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்போம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நிறுத்தி வைத்தால் யாராவது ஒருத்தி பொத்தென்று விழுவாள். "சாப்பிடாம வந்திருப்பா" என்பார் தலைமையாசிரியர். அதுவும் இருக்கும். ஆனால் காலில் ரத்தம் தேங்கிவிட்டது என்பதுதான் முக்கியமான சங்கதி. சாதாரணமாக எழுந்து நின்றதும், கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் உணர்விகள் அழுத்தம் குறைவதைக் கண்டுகொண்டு மூளைக்குச் சொல்லும். மூளை, நுண்தமனிகள் என்ற சின்னக் குழாய்களை இறுக்கும். குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தச் சின்ன இறுக்கமே போதும்.

கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைமடை காயும். நீர்ப்பாய்ச்சி ஒன்றை அடைத்துத்தான் இன்னொன்றைத் திறப்பார். வெயிலில் உடம்புச் சூட்டைக் குறைக்கத் தோலின் மடைகள் திறந்துவிடுகின்றன. கீழே கால் அசையாததால் தேங்கியது மேலே வரவில்லை. கடைசியில் தலைக்குப் போவது குறைந்து பிள்ளை விழுகிறாள். விழுந்தவளைத் தூக்கி நிறுத்தாதீர்கள், படுக்கவிட்டுக் காலைத் தூக்கி வையுங்கள் என்று தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லியிருக்கிறேன்.

நானும்தான் 31 வருடம் நின்றேன். ஆனால் நான் ஒரு இடத்தில் நின்றதில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன், கடைசி வரிசையில் கதைப் புத்தகம் ஒளித்து வைப்பவர்களைப் பிடிக்க. முழங்கால்தான் போனது, சிரைக்கு ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க மசோதா கொண்டுவந்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளத்தில் 2018-லேயே இப்படித் திருத்தினார்கள். நல்ல சட்டம். ஆனால் ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால், நான் போன கடைகூடத் தேறிவிடும். ஸ்டூல் இருந்தது, அதன் மேல் ரவிக்கைத் துணியும் இருந்தது. உட்காருவதிலும் ஒன்று உண்டு: நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாலும் பிழிய ஆள் இல்லாத கதைதான். கொஞ்சம் உட்கார, கொஞ்சம் நடக்க விட வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் வராண்டா வரை போய் வந்தால் என்ன குடிமுழுகிவிடும்?

என் வற்புறுத்தலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தொடை இடுக்கு வால்வே கசிகிறது, ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் இறுக்கமான காலுறை, படுக்கும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது, அசையாமல் நிற்பதைத் தவிர்ப்பது. போனில் சொன்னாள்: "நிக்காதீங்கன்னு சொல்றாரு டீச்சர். நிக்கிறதுதானே என் வேலை."

ஆகவே ஐயா, அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கேள்வி கேட்ட வாசகியும் ஒருவேளை இப்போது நரம்பு மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார். அவரை ரத்தக்குழாய் பார்க்கும் மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கோ போகச் சொல்லுங்கள். அப்புறம், தீபாவளிக்கு முன்னால் உங்கள் நிருபர்கள் ஜவுளிக்கடைகளுக்குப் போய் விற்பனைப் படம் எடுப்பார்கள் இல்லையா, அப்போது ஸ்டூல்களின் மேல் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கடையின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். சின்ன ஊர், கண்டுபிடித்துவிடுவார்கள். ஆபரேஷனுக்கு விடுப்புக் கேட்டிருக்கிறாள், இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தென்மாவட்ட வாசகி