ஜெனரேட்டர் திருத்துநர்களாகிய எமது சங்கத்தின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நானுஓயாப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையான அறிக்கை இது. மாதவாரியாக எழுதி வாசிப்பதுதான் நம் வழக்கம். இம்முறை அந்த வழக்கத்தைக் கைவிட்டிருக்கிறேன். நவம்பர் கடைசி வாரத்தையும் மற்ற மாதங்களையும் ஒரே அளவில் எழுத முடியாது.

அந்த வாரம் வந்த டித்வா புயல் இலங்கை முழுவதும் 600க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. மண்சரிவில் போனவர்களில் பெரும்பகுதியினர் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டத்து மக்கள். அவர்களுக்காக இக்கூட்டத்தின் தொடக்கத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். நமது அங்கத்தவர் சிலரின் குடும்பங்கள் இன்னும் சொந்த லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பவில்லை. இன்று வராதவர்களில் அவர்களும் அடக்கம். அவர்களுடைய சந்தாவை இவ்வாண்டுக்குத் தள்ளுபடி செய்ய நிர்வாகக் குழு எடுத்த முடிவைச் சபை ஏற்கும் என்று நம்புகிறேன்.

ஆண்டின் தொடக்கமே கரண்ட் இல்லாமல்தான். பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்றரை அளவில் நாடு முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததே காரணம் என்று சொல்லப்பட்டதால், அந்த வாரம் முழுக்க நாட்டுக்குக் குரங்குக் கதைதான். நமக்கு அன்று வந்த அழைப்புகள் வேறு கதை. ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் தானாகவே ஸ்டார்ட் ஆகி அழகாக ஓடிக்கொண்டிருந்தது, மண்டபத்துக்குள் மட்டும் இருட்டு. சேஞ்ச் ஓவரை, அதாவது மெயின் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சை, யாரோ மெனுவலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நம் அங்கத்தவர் போய்ச் சரிசெய்ததும் மண்டபத்துக்காரர் விடவில்லை, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார். சாப்பாடு முடிந்தும் பாயாசம், வெற்றிலை என்று நேரம் போனது. மெயின் கரண்ட் திரும்பும்வரை ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்ததாம்.

திங்களும் செவ்வாயும் முறைவைத்து மின்வெட்டு. செவ்வாய்க்கிழமை தைப்பூசம். கோயில்களுக்கு வாடகைக்குப் போன சிறிய பெற்றோல் இயந்திரங்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதில் எனக்குக் கோபம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கேள்விக்குப் பதில். கொழும்பிலிருந்து வரும் பொருட்கடை முகவர்கள் நம்மைக் கண்டால் கேட்பார்கள்: "காசல்ரீ, மவுசாகலை, லக்ஷபான எல்லாம் உங்க ஊர்ப்பக்கம், தலவாக்கலையில மேல் கொத்மலை 150 மெகாவோட். அப்புறம் உங்களுக்கெதுக்கு ஜெனரேட்டர்?" இங்கே பிறக்கும் மின்சாரம் பெரிய கோபுரங்களில் ஏறி ஊரை விட்டுப் போகிறது. நம் தோட்டத்துக்கு வருவது 33,000 வோல்ட் கம்பியில், சவுக்கும் டர்பன்டைன் மரங்களும் நிற்கும் சரிவுகளுக்குள்ளால். ஆடி மாதக் காற்றில் ஒரு கிளை முறிந்தால் போதும். 2023 டிசம்பரில் கொத்மலை – பியகம மின்பாதை விழுந்து நாடே இருண்டபோதும், கொத்மலைக்கு அடுத்த மலையில் இருந்தவர்கள் மெழுகுவர்த்திதான் ஏற்றினார்கள்.

மாதக் கூட்டங்கள் ஜூன், ஜூலையில் நடக்கவில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூட்டத்துக்கு ஆள் வந்தால்தான் ஆச்சரியம். ஓகஸ்டில் நடந்த பயிற்சி நாளுக்கு நல்ல வரவு. ஜெனரேட்டரை இயக்கும் டீப் சீ கன்ட்ரோலரில் எச்சரிக்கைக் குறிகளை வாசிப்பதும், ஈரம் ஏறிய ஓல்டர்னேட்டரை (மின்சாரம் பிறக்கும் பகுதியை) மெகர் என்ற காப்புச் சோதனைக் கருவி வைத்துப் பார்ப்பதும் அன்றைய பாடம். பழைய லிஸ்டர் எஞ்சினோடு வளர்ந்த மூத்தவர்கள் கன்ட்ரோலரைக் கண்டு ஒதுங்குவார்கள் என்று நினைத்தோம். கடைசிவரை கேள்வி கேட்டது அவர்கள்தான். இளையவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள்.

இனி நவம்பர்.

28ஆம் திகதி விடிந்தபோது கரண்ட் இல்லை, பல இடங்களில் போன் சிக்னல் இல்லை, போக நினைத்தாலும் பாதை இல்லை. நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் போகும் பாதைகளில் இடத்துக்கிடம் மண் சரிந்து கிடந்தது. மலையக ரயில் பாதையும் அறுந்தது. சிக்னல் கோபுரங்களுக்கும் நம்மைப் போன்றவர்கள் பார்க்கும் ஜெனரேட்டர்தான் துணை. டீசல் கொண்டுபோக வழியில்லாமல் அவையும் ஒவ்வொன்றாக நின்றன. 100 கேவிஏ இயந்திரம் முழுச் சுமையில் மணிக்கு 20 லீற்றருக்கு மேல் குடிக்கும். அரைச் சுமையில் ஓட்டினாலும் ஒரு பரல் டீசல் ஒரு நாளைத் தாண்டாது. 2022இல் ஒரு லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியபோது கையில் காசில்லாமல் நின்றோம். இம்முறை காசை வைத்துக்கொண்டு நின்றோம்.

அந்த வாரத்தில் நின்றுபோன, அல்லது எழும்பவே எழும்பாத இயந்திரங்களைப் பற்றி டிசம்பர்க் கூட்டத்தில் ஒவ்வொருவரும் சொல்ல, கேட்டு எழுதினோம். எஞ்சின் உடைந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப வந்தவை பெட்டரி, டீசல், பில்டர்.

பெட்டரிக்கு மீற்றர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டரைத் தட்டியதும் எட்டுக்கு விழும். நுவரெலியாக் குளிரில் நல்ல பெட்டரியே காலையில் சோம்பும். சார்ஜர் எப்போதோ பழுதாகி, அதை யாரும் கவனிக்காத பெட்டரிக்கு என்ன கதி? டீசல் விஷயம் இன்னும் மோசம். டேங்கைப் பாதி வெறுமையாக வைத்தால், மூடுபனி இரவுகளில் உள்சுவரில் வியர்த்த நீர் அடியில் தேங்கும். அந்த நீரும் டீசலும் சேரும் இடத்தில் பாசி மாதிரிக் கறுப்புக் கொழகொழப்பு வளரும். சும்மா நிற்கும்வரை அது அடியில் கிடக்கும். இயந்திரம் மணிக்கணக்காக ஓடி டேங்க் இறங்கும்போதுதான் பில்டருக்குள் ஏறி அடைக்கும். புயல் நேரத்தில் முதல் நாள் நன்றாக ஓடி இரண்டாம் நாள் நின்றவை பெரும்பாலும் இப்படித்தான் நின்றன.

இதற்கு மருந்து எல்லாருக்கும் தெரிந்ததே. டேங்கை நிரப்பி வை, அடிக்குழாயைத் திறந்து நீரை இறக்கு, மாதம் ஒரு முறை சுமை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டு. நம் வாடிக்கையாளர்களோ வெள்ளிக்கிழமை காலையில் சுமையே இல்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துகிறார்கள். சாமிக்குச் சூடம் காட்டுகிற மாதிரி. அந்த ஓட்டத்தில் எஞ்சின் சூடேறுவதில்லை, முழுக்க எரியாத டீசல் புகைக்குழாயில் கறுப்பு எண்ணெயாக வழிகிறது. சுமை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் ஓட்டியும் நன்மையில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், டீசல் செலவைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள். மாதப் பராமரிப்புக்குக் காசில்லை என்பவர்கள் இரவு பதினொரு மணிக்கு அழைக்கும்போது எவ்வளவு கேட்டாலும் தருகிறார்கள். அந்தக் காசு எனக்குப் பிடிக்கவில்லை. நம்மில் பலர் அதை நம்பித்தான் இருக்கிறோம் என்பதும் தெரியும்.

புதிதாக இயந்திரம் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். நுவரெலியா 1,868 மீற்றர். பலகையில் 100 என்று எழுதியிருப்பது அங்கே 80ஐச் சற்றுத் தாண்டினாலே பெரிது. கொழும்பில் கணக்குப் பார்த்து வாங்கி, இங்கே தேயிலை உலர்த்தும் ட்ரையர் மோட்டரைப் போட்டதும் படுத்துவிடுகிறது என்று நம்மைத் திட்டுவது நியாயமில்லை.

புயல் நாட்களில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், பின்னால் வரும் தீர்மானம் அதிலிருந்துதான் பிறந்தது. ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், லயங்களிலிருந்து இறக்கப்பட்ட குடும்பங்கள் தங்கியிருந்தன. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. பிறகு கேனில் கொண்டுவந்து ஊற்றினார்கள், ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பைப்புக்குள் காற்று. அந்த ஸ்டோரைப் பார்க்கும் நம் அங்கத்தவர் இருந்தது தலவாக்கலையில், நடுவில் பாதை இல்லை. சிக்னல் கிடைத்தது கோயிலடியில் பாதை வளையும் முடக்கில் மட்டும். ஜெனரேட்டர் அறையில் வாச்சர் நின்றார், போனைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகள் முடக்கில் நின்றாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை.

"அண்ணே, அப்பா கேக்குறாரு, எந்த ஆணின்னு?"

"பில்டருக்கு மேல சின்னதா ஒரு ஆணி இருக்கும்மா. பத்தாம் நம்பர் சாவி. முழுசாக் கழட்ட வேணாம், அரைச் சுத்து. பிறகு கைப்பம்ப அமுக்கச் சொல்லு. நுரை நுரையா வரும். நுரை நின்னு வெறும் டீசல் வந்தா, பம்ப அமுக்கிக்கிட்டே ஆணிய இறுக்கணும். விட்டுட்டு இறுக்கினா திரும்பக் காத்து போயிரும்."

"இருங்கண்ணே, எழுதிக்கிறேன்."

அவள் கொப்பியில் எழுதிக்கொண்டு மழையில் ஓடினாள். திரும்பி வந்து அடுத்ததைக் கேட்டாள். இன்ஜெக்டர் பம்பில் இருக்கும் ஆணியும் அப்படியே. ஸ்டார்ட்டரைப் பத்து செக்கனுக்கு மேல் பிடிக்கக் கூடாது, இடையில் அரை நிமிடம் விட வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற பெட்டரியும் போகும் என்பதையும் எழுதிக்கொண்டாள். அன்று மாலை இயந்திரம் எழுந்தது. தண்ணீர் மோட்டர் ஓடியது, கைக்குழந்தைகளுக்கு வெந்நீர் கிடைத்தது.

அந்தக் கொப்பிப் பக்கத்தின் போட்டோவை எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஆங்கில மெனுவலில் நான்கு பக்கம் வருகிற விஷயம், பிழையில்லாமல், பன்னிரண்டு வரித் தமிழில் இருந்தது. படம்கூட வரைந்திருந்தாள்.

பெற்றோல் இயந்திரங்களுக்கு வருகிறேன். லயக் காம்பரா அறைக்குள், மழைக்கு நனையாமல், கதவைச் சாத்திவிட்டு ஓட்டுவதை இந்த ஆண்டும் கண்டோம். அதன் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெளியே, காற்றோட்டத்தில், கதவு ஜன்னலிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். நனைகிறது என்றால் தகரத்தைச் சாய்த்துக் கூரை போடட்டும். இரண்டாவது, இரு பக்கமும் ப்ளக் வைத்த வயரைச் சுவரில் குத்தி வீடு முழுக்கக் கரண்ட் எடுப்பது. சேஞ்ச் ஓவர் இல்லாமல் இப்படிச் செய்தால் மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பும், ட்ரான்ஸ்போமர் அதை 33,000 வோல்ட்டாக ஏற்றும். இறந்த கம்பி என்று நம்பி கம்பத்தில் ஏறியிருக்கும் மின்சார சபை ஊழியன்தான் சாவான். டிசம்பர் முழுக்க அவர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படிப்பட்ட வயரை வாடகை இயந்திரத்தோடு சேர்த்துக் கொடுத்தவர் நம்மில் ஒருவர் என்று முறைப்பாடு வந்தது. நிர்வாகக் குழு அவரைக் கூப்பிட்டுப் பேசியது, வயரை என் முன்னாலேயே வெட்டினார். இன்னொரு முறை நடந்தால் பேச்சு இல்லை, நீக்கம்தான்.

கொடுப்பனவு விஷயம் போன ஆண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. கோபுர ஜெனரேட்டர்களின் பராமரிப்பை எடுத்திருக்கும் ஒரு வெளியூர் ஒப்பந்தக்காரர் மாதங்கள் கடந்தும் நம் ஆட்களுக்குப் பணம் தரவில்லை. இரண்டு கடிதம் அனுப்பினோம், பதிலாக வந்தது புது வேலைக்கான அழைப்பு. இனி எழுத்தில் ஓடர் இல்லாமல் யாரும் மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டாம்.

தேசியத் தொழில் தகைமையான என்.வி.கியூ. இல்லாதவர்கள், அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நயிட்டா வழியாக, முன்கற்றல் அங்கீகார முறையில், செய்த வேலையைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம். கை நிறைய வேலை தெரிந்தும் கையில் தாள் இல்லாததால் உரிமம் எடுக்க முடியாமல் இருப்பவர்கள் நம்மில் அதிகம். விண்ணப்பம் நிரப்ப உதவி தேவைப்பட்டால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

சபையின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன். நாம் பார்க்கும் ஒவ்வொரு ஜெனரேட்டர் அறையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க வழிகாட்டி ஒட்ட வேண்டும். அந்தந்த இடத்தில் வாச்சரோ எலக்ரீசியனோ அட்டெண்டனோ ஒருவருக்குக் காற்று எடுக்கவும், நீர் இறக்கவும், பெட்டரி பார்க்கவும் பழக்கிக் கொடுக்க வேண்டும். "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தா நம்மள எவன் கூப்பிடுவான்?" என்று நிர்வாகக் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காற்று எடுக்கப் பழகிய வாச்சர், வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏவிஆரை மாற்ற மாட்டார், இன்ஜெக்டர் திறக்க மாட்டார். எங்கே சத்தம் மாறுகிறது என்பதை மட்டும் நேரத்தோடு நமக்குச் சொல்வார். வழிகாட்டியின் முதல் பிரதிக்கு அந்தப் பிள்ளையின் பக்கத்தையே எடுத்திருக்கிறோம், வீட்டாரின் சம்மதத்தோடு. அச்சுச் செலவைச் சபை அனுமதிக்க வேண்டும்.

பொது மெகர் கருவியையும் பெட்டரி அமிலத்தைப் பார்க்கும் ஹைட்ரோமீற்றரையும் எடுத்துப்போகிறவர்கள் பதிவேட்டில் ஒப்பமிட்டு, ஒரு கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். மெகர் இப்போது யாரிடம் இருக்கிறது என்பது தெரியும். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், இன்று தந்துவிட்டுப் போனால் நல்லது.

மண்டபம் தந்தவர்களுக்கும், பாதை திறந்த மறுநாளே தன் லொறியில் நமக்கு டீசல் ஏற்றித் தந்த அங்கத்தவருக்கும் சங்கத்தின் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்