மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்றாயே

அன்புள்ள கண்ணனுக்கு,

நேற்று போனில் போகிற போக்கில் சொன்னாய், "கிரியேட்டினின் ஏறியிருக்கும்மா, கிட்னிக்கு ஆகாதுன்னு அந்தச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. போனில் ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ நிறுத்திய எம்பாகிளிஃப்ளோசினைத்தான் நான் நாலு வருஷமாகச் சாப்பிடுகிறேன். கிட்னி சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சாமல் தடுத்து, அதைச் சிறுநீரில் விடுகிற மாத்திரை அது. சர்க்கரையோடு கொஞ்சம் உப்பும் தண்ணீரும் போகும். அதில் பிரஷர் மூன்று, நாலு புள்ளி இறங்கும். கிட்னியின் வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தமும் தணியும். அழுத்தம் தணிவதால் முதல் சில வாரங்கள் வடிகட்டும் வேகம் சற்றுக் குறைந்து, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் லேசாக ஏறும். எனக்கும் 0.9 இருந்தது 1.1 ஆகி, அங்கேயே நின்றுவிட்டது. உனக்கும் அதுதானா என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வகை மாத்திரைகள் கிட்னி கெடுவதைத் தள்ளிப்போடுகின்றன என்று 2019இலிருந்து 2022க்குள் வந்த மூன்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளுக்குக்கூடக் கொடுக்கிறார்கள், கண்ணா.

இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி வழியாக வெளியேறுகிற மருந்து என்பதால், கிட்னி வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற எண் 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான்.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு. ஒரு விடிகாலை கட்டிலை விட்டு எழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பீரோ கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். பிரஷர் பார்த்தால் மேல் எண் 98. டாக்டர் சர்க்கரை மாத்திரையில் கை வைக்கவில்லை. நீர் பிரிய நான் போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையைத்தான் பாதியாக்கினார். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் மட்டும் எம்பாகிளிஃப்ளோசினை நிறுத்திவைத்துவிட்டு உடனே கேட்கச் சொன்னார். உடம்பில் நீர் வற்றினால் கிட்னிக்கும் ஆகாது, ரத்தத்தில் அமிலமும் கூடிவிடலாம்.

இதையெல்லாம்விட எனக்கு வயிற்றைக் கலக்குவது, முதுகுவலிக்கு நீயாக வாங்கிப் போடுகிறாயே, அந்த டைக்ளோஃபெனாக். பிரஷரை ஏற்றுவதும் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதும் அதுதான். காக்கிற மாத்திரையை நிறுத்திவிட்டு அதை விழுங்கிக்கொண்டிருக்கிறாய்.

இந்த வாரமே டாக்டரைப் போய்ப் பார். மாத்திரையை நிறுத்தியதையும் வலி மாத்திரையையும் மறைக்காமல் சொல். சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லி, ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அம்மா