கீழ்ப் படுக்கை ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

2025 நவம்பர் 2 ஞாயிறு நள்ளிரவில் நவி மும்பையில் நம் பெண்கள் கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியதை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. கத்த முடியாத இடத்தில் இருந்ததால் என் தொண்டை நன்றாகவே இருக்கிறது. கண்கள்தாம் இன்னும் வீங்கியிருக்கின்றன.

2005 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், செஞ்சூரியன் மைதானத்தில் நம் பெண்கள் ஆஸ்திரேலியாவிடம் 98 ஓட்டங்களில் தோற்ற செய்தியை நாளிதழின் மூலையில் தேடிப் படித்தவள் நான். 2017 இறுதியாட்டத்தில் லார்ட்ஸில் 3 விக்கெட்டுக்கு 191 என்று இருந்தவர்கள் 219-க்குள் சுருண்டு, வெறும் 9 ஓட்டங்களில் கோப்பையை விட்ட அன்று, அடுப்பில் வைத்த பாலை மறந்து பாத்திரத்தைக் கருக்கினேன். இம்முறையும் லீக் சுற்றில் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்றபோது, இறுதியாட்டத்தன்று இரவு ஊருக்குப் போக எடுத்திருந்த ரயில் சீட்டை மாற்ற வேண்டியிருக்காது என்றே நினைத்தேன். அந்த அவநம்பிக்கைக்கு அணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மழையால் ஆட்டம் மாலை 5 மணிக்குத்தான் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவின் துரத்தல் முழுவதும் என் பயணத்துக்குள் வந்து விழுந்தது. எனக்கு மேல் படுக்கை. சார்ஜ் போடும் இடமோ கீழே சன்னலோரம். செங்கல்பட்டு வருவதற்குள் கைப்பேசி 9 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கீழ்ப் படுக்கை ஒரு பெரியவருடையது. எழுபது வயதிருக்கும், முழங்காலில் உறை போட்டிருந்தார். பத்து மணி ஆனதும் எழுந்துகொள்ள முயன்றவளைப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “முடியட்டும்மா. நீங்க இருபது வருஷமா காத்திருக்கீங்க, நான் ரெண்டு மணி நேரம் உட்கார மாட்டேனா?”

விளக்கை அணைத்துவிட்டு, என் இயர்போனின் ஒரு முனையை அவர் காதிலும் மறுமுனையை என் காதிலும் மாட்டிக்கொண்டோம். வயர் குட்டை என்பதால் இருவருமே தலையை அசைக்காமல் பார்க்க வேண்டியிருந்தது. பெண்கள் ஆட்டத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம். ஆனால் ஷஃபாலி வர்மா பந்தை வாங்கி அடுத்தடுத்து இரண்டு விக்கெட்டுகளை எடுத்ததும், “87 அடிச்ச அதே பொண்ணா?” என்று அடிக்குரலில் கேட்டார். விருத்தாசலத்துக்கு முன்பு, சதமடித்துவிட்டு நம்மை மிரட்டிக்கொண்டிருந்த லாரா வோல்வார்ட் தூக்கி அடித்த பந்து மேலே எழும்பிய அந்த நொடியில் சிக்னல் போய்ப் படம் உறைந்துவிட்டது. அமன்ஜோத் கவுரின் கையில் அந்தப் பந்து தட்டுத் தடுமாறி ஒருவழியாகத் தங்கியதை நீங்கள் எல்லோரும் அப்போதே பார்த்தீர்கள்; நாங்கள் இருவரும் இருட்டில் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கை தன் முழங்காலைத் தடவுவதை நிறுத்தியிருந்தது.

தீப்தி சர்மாவின் பந்தில் நம் அணித் தலைவி ஹர்மன்பிரீத் பின்னோக்கி ஓடிக் கடைசிப் பிடியைப் பிடித்தபோது பெட்டியே உறங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் சுற்றும் பார்த்துவிட்டு, ஓசை எழாதபடி தன் தொடையிலேயே தாளம்போல மெல்லத் தட்டினார். நான் அழுவதைக் கண்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினார்.

பவர் பேங்கைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்த அலுவலகத் தோழிக்கும் (மறந்ததால்தான் இவ்வளவும் நடந்தது), நள்ளிரவில் அழைத்தும் திட்டாமல் எடுத்த தம்பிக்கும், பள்ளியில் பையன்களிடமிருந்து மட்டையை வாங்கி எங்களிடம் கொடுத்த விளையாட்டு ஆசிரியைக்கும், தோற்ற இரவுகளில் என்னிடம் பேச்சுக் கொடுக்காமல் விட்ட வீட்டாருக்கும் என் நன்றி. கோப்பை தன் கைக்கு வந்த இரவிலேயே அதை மிதாலி ராஜிடமும் ஜூலன் கோஸ்வாமியிடமும் கொடுத்து ஏந்தச் செய்த ஹர்மன்பிரீத்துக்குத் தனியாக ஒரு நன்றி. இரண்டு தோல்விகளிலும் களத்தில் நின்றவர்கள் அவர்கள்.

இனி எந்த ரயிலில் எனக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்தாலும், எதிரில் யாராவது எந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அது முடியும்வரை காலை நீட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கபடியானாலும் சரி.

ஐயா, உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். விடியற்காலையில் நீங்கள் இறங்கியபோது நான் மேலே உறங்கிக்கொண்டிருந்தேன். விழித்தபோது என் சார்ஜர், வயர் சுருட்டி ரப்பர் பேண்டு போடப்பட்டு, என் தலைமாட்டில் இருந்தது.