அந்தப் புள்ளி எந்த இடம்? நோய்த்தடுப்பு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நோய்த்தடுப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். காய்ச்சல் பரவத் தொடங்கியதும் வரைபடத்தில் புள்ளி வைக்கிறீர்கள். புள்ளிகள் நெருக்கமாக உள்ள தெருவுக்கு ஆள் அனுப்புகிறீர்கள். நல்ல வழக்கம். ஆனால் அந்தப் புள்ளி எதைக் குறிக்கிறது? நோயாளி படுத்திருக்கும் மருத்துவமனையையா, அவர் வீட்டையா, நோய் தொற்றிய இடத்தையா? இது தெளிவாகாதவரை எத்தனை விலைகொடுத்து மென்பொருள் வாங்கினாலும் பயனில்லை.

1854இல் லண்டன் பிராட் தெருக் காலராவின்போது மருத்துவர் ஜான் ஸ்னோ வரைந்த படம் எல்லோருக்கும் தெரியும்: இறப்புகள் அந்தத் தெருவின் குடிநீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருந்ததை அது காட்டியது. படத்தோடு ஒத்துப்போகாதவர்களை அவர் விசாரித்ததுதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. பம்புக்கு அருகிலேயே இருந்த ஏழையர் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் இறந்தார்கள். அங்கே தனிக் கிணறு இருந்தது. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் ஒரு பெண்மணி இறந்தார். பிராட் தெருத் தண்ணீரை விரும்பி வரவழைத்துக் குடித்தவர் அவர். வீட்டு முகவரியை மட்டும் பார்த்திருந்தால் அந்த இறப்பு கணக்கிலேயே சேர்ந்திருக்காது.

டெங்குவிலும் இதே சிக்கல்தான். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். ஆகவே பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டங்களைக் கூட்டுங்கள்: காய்ச்சல் தொடங்கிய தேதி, அதற்கு முந்தைய 10 நாளில் பகல்பொழுதைக் கழித்த இடம். மருத்துவமனைக்கு வந்த தேதியை வைத்து வரைந்தால் படம் பல நாள் பின்தங்கிவிடும்.

அடுத்தது முகவரி. முழு முகவரி கிடைக்காதபோது பல மென்பொருள்கள் பிழை காட்டுவதில்லை. புள்ளியைப் பேசாமல் வார்டின் நடுவில் வைத்துவிடும். பத்து அரைகுறை முகவரிகள் அப்படி ஒன்றாகச் சேர்ந்தால், நோயே இல்லாத இடத்தில் நோய்க்கொத்து முளைக்கும். கடைசி இலக்கம் வரை ஒரேமாதிரி இருக்கும் ஆயங்களை (புள்ளியின் இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) தனியே பிரித்தெடுத்துப் பாருங்கள். ஒரே குடும்பமோ அடுக்குமாடியோ என்றால் சரி. இல்லையென்றால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியில் எடுத்த ஆயமும் பிழைபடும். 10 பாகை 30 நிமிடம் என்பது 10.5, அதை 10.30 என்று தட்டினால் புள்ளி 22 கிலோமீட்டர் தள்ளிப்போகும். தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் இருந்தால் சுமார் ஒரு மீட்டர் வரை பிரித்தறியலாம். 3 இலக்கம் என்றால் சுமார் 110 மீட்டர். அட்டவணைக் கோப்பு 2 இலக்கமாகச் சுருக்கிவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். கொசுவின் பறக்கும் தூரத்தோடு இதை ஒப்பிட்டால், எந்தத் தெருவுக்கு ஆள் போக வேண்டும் என்பதே மாறிவிடுவது புரியும்.

எண்ணிக்கையை மட்டும் வண்ணமிடாதீர்கள். 20,000 பேர் உள்ள வார்டில் 20 நோயாளிகள் என்றால் பத்தாயிரத்துக்கு 10. 1,000 பேர் உள்ள குடியிருப்பில் 4 பேர் என்றால் 40. அதற்காக விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: 50 பேர் வாழும் இடத்தில் ஒரே நோயாளி வந்தால் விகிதம் 200 ஆகிவிடும். சிறிய இடங்களை அக்கம்பக்கத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கொத்து தற்செயலானதா என்று சோதிக்க சாட்ஸ்கேன் (SaTScan) என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

வெற்றிடமும் ஏமாற்றும். பரிசோதனையே நடக்காத பகுதி வரைபடத்தில் நலமாகத்தான் தெரியும். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற படத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டுப் புள்ளிகள் களப்பணியாளர் கையோடு நிற்கட்டும். காசநோயோ எச்ஐவியோ உள்ள ஒருவரின் வீட்டை ஊரார் கண்டுபிடிக்க ஒரே ஒரு புள்ளி போதும். வெளியிடும் படத்தில் வார்டு அளவிலான விகிதம் மட்டும் இருக்கட்டும்; ஓரிருவர் மட்டுமே பாதிக்கப்பட்ட பகுதியைப் பக்கத்து வார்டோடு சேர்த்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
நோய்ப்பரவல் வரைபடப் பணியில் இருப்போர்