இழுத்து வந்த மான்

வாசா, விஸ்கான்சின்
டிசம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி பாண்டி எழுதுவது. நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் நலமறிய ஆவல். தீபாவளிக்கு முன்பே வந்த உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்தது என் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆலையில் ஓவர்டைம் இப்போது குறைவு. அதனால் நன்றாக ஓய்வு கிடைக்கிறது.

இந்த முறை நானும் மான் வேட்டைக்குப் போனேன். பதறாதீர்கள். நம் ஊரில் மானைத் தொட்டால் சிறை. இங்கே நவம்பர் கடைசியில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைக்கு அரசாங்கமே அனுமதிக்கிறது. மாநிலத்தில் குடியிருப்பவருக்கு உரிமம் 24 டாலர். பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறினேன். தூரத்திலிருந்தே தெரியும்படி ஆரஞ்சு நிற மேலங்கியும் குல்லாவும் போட்டுக்கொண்டுதான் போனேன்.

வடக்கே ஷெவாமெகன்-நிக்கோலே தேசியக் காடு 15 லட்சம் ஏக்கர். பொதுக்காடு, உரிமம் உள்ள யாரும் போகலாம். ஆனால் சாலையை விட்டு வண்டியை உள்ளே ஓட்டக் கூடாது. சுட்டதை நாம்தான் வெளியே கொண்டுவர வேண்டும். என்னோடு வேலை செய்யும், லாவோஸ் மலைமக்கள் வழிவந்த ஹ்மாங் இன நண்பர்கள் அப்பா, மாமன், மச்சான் என்று ஒரு கூட்டமாகப் போகிறார்கள். நான் தனியாகப் போனேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் புறப்படும் முன் என்னை நிறுத்தி, "சாலையிலிருந்து எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ அவ்வளவு தூரத்துக்குள் சுடு" என்றார். மான் இழுத்த கயிற்றில் ஆண்டுக்கு ஒரு துண்டு நறுக்கி, ஆண்டை எழுதிக் கொட்டகைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறார். இதய நோய் வந்த பிறகு அவர் போவதில்லை. பனியில் மான் இழுக்கும்போது நெஞ்சு வலித்து விழுந்தவர்கள் உண்டாம். மானை ஏற்றிப் பனியில் இழுக்கத் தன் பிளாஸ்டிக் சறுக்குத் தட்டை எனக்குக் கொடுத்தார்.

மாலை மூன்றரைக்குச் சுட்டேன். கொம்பு மான். விழவில்லை, ஓடியது. உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடிவிடும் என்பதால் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பனியில் ரத்தத்தைப் பார்த்தேன். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தது. நுரையீரலில் பட்டிருக்கிறது, அதிக தூரம் போயிருக்காது என்று தெரிந்தது. ஆனால் அது சதுப்புக்குள் இறங்கியிருந்தது. இங்கே இப்போது நாலே கால் மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. கைவிளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டாகத் தேடிப் போனேன். புதர்ச் செடிகளுக்கு நடுவே கிடந்தது.

வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தேன். விறைத்த விரல்களுக்கு அந்தச் சூட்டில்தான் உயிர் வந்தது. எடை குறைந்தும் என்னைவிடக் கனமாகவே இருந்தது. முன்னங்கால்களைக் கொம்போடு சேர்த்துக் கட்டி, தலை முன்னால் வரும்படி இழுக்க வேண்டும். அப்போதுதான் முடி படிந்த வாக்கில் வழுக்கிக்கொண்டு வரும். சதுப்பில் தட்டு உதவவில்லை. பத்தடி இழுப்பேன், நிற்பேன். விழுந்த மரங்களின் மேல் தலையைத் தூக்கி வைத்துவிட்டு, பின்பக்கம் போய்த் தள்ளுவேன். அது மறுபடி என் பக்கமே சரியும். ஓநாய் உள்ள காடு, விட்டுவிட்டும் வர முடியாது. காருக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. தோள் கொஞ்சம் வலித்தது, இப்போது சரியாகிவிட்டது. இதை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

2002 முதல் இந்த மாநிலத்து மான்களிடம் மூளையைத் தாக்கும் ஒரு நோய் இருக்கிறது. அதனால் தலையைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வந்ததும் அம்மா செய்வதுபோல மிளகுச் சுக்கா வைப்பேன். குளிர்காலம் முழுக்கக் கறி வாங்கும் செலவு இல்லை.

அண்ணா, பாதி வழியில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றேன். நம் செவலைக் காளை கிணற்றில் விழுந்த ராத்திரி நினைவுக்கு வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தெருவே வடக்கயிற்றைப் பிடித்தது. எனக்கு ஏழு வயது இருக்கும், நானும் கயிற்றின் கடைசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காட்டில் நின்று "அண்ணா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அன்று கிணற்றுக்குள் இறங்கிக் காளையின் வயிற்றுக்கடியில் கயிறு கட்டியவர் சித்தப்பா. அவர் கேட்கும் வாய்க்கால் ஓரத்து ஐந்து சென்ட்டை விட்டுக்கொடுத்துவிடுங்கள். என் பங்கிலிருந்தே போகட்டும். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகு பத்திரம் எழுதுங்கள். என் பெயரில் பவர் தேவை என்றால் மாதிரியை அனுப்புங்கள், சிகாகோ இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். செல்வியின் வளைகாப்புக்குச் சொன்ன பணம் தை பிறந்ததும் வந்துவிடும். அதுவரை அண்ணியின் நகையை அடகு வைக்க வேண்டாம். மோட்டார் பழுதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, காயில் கட்ட எவ்வளவு கேட்கிறார்கள்?

அன்புத் தம்பி,
பாண்டி