கரும்பலகை முன் நிற்கும் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

வணக்கம். பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவருக்குக் கணிதப் புத்தகம் வாசித்துக் காட்டி வருகிறேன். ஒருநாள் "எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே இரண்டு" என்று வாசித்தேன். "அந்தக் கோடு எக்ஸுக்கும் சேர்த்தா, ஒன்றுக்கு மட்டுமா?" என்று கேட்டார். எக்ஸின் மதிப்பு மூன்று என்றால், ஒரு வாசிப்பில் விடை இரண்டு; இன்னொன்றில் மூன்றரை. வெட்கமாகிவிட்டது.

இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர் ஆபிரகாம் நெமெத். 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லை. கணிதம் உனக்குச் சரிவராது என்று ஆலோசகர்கள் சொல்ல, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தார். அப்புறம் மனைவி ஃப்ளாரன்ஸ்தான் கேட்டார்: வேலையில்லாத உளவியலாளராக இருப்பதைவிட வேலையில்லாத கணிதவியலாளராக இருக்கலாமே? கணிதத்துக்கே திரும்பினார்.

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துதான் பிரெயில்; ஒவ்வோர் எழுத்தும் ஆறு புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்துக்குள் அமையும். வழக்கமான பிரெயிலில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்துக்கும் 1 என்ற எண்ணுக்கும் ஒரே புள்ளிதான். முன்னால் ஓர் எண்குறி வந்தால் அது எண். எழுத்தும் எண்ணும் கலந்தே வரும் இயற்கணிதத்தில் இது பெரும் தொல்லை. நெமெத் எண்களை ஆறு புள்ளிக் கட்டத்துக்குள்ளேயே ஒரு வரிசை கீழே இறக்கிவிட்டார். எவ்வளவு எளிய யோசனை! பின்னத்துக்குத் தொடக்கக் குறி, முடிவுக் குறி என இரண்டும் வைத்தார். 1952இல் வெளிவந்த இந்த முறை நெமெத் குறியீடு என்றே வழங்குகிறது.

தனக்கு வாசித்துக் காட்டுபவர்களுக்கும் அவர் ஒரு பேச்சுமுறை வகுத்தார். பின்னம் தொடங்குவதையும் முடிவதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இப்போது நானும் அப்படித்தான் வாசிக்கிறேன்: "பின்னம் தொடக்கம், எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே இரண்டு, பின்னம் முடிவு." மாணவர் பிறகு நிறுத்திக் கேட்கவே இல்லை.

உங்களிடம் கேட்பது இதைத்தான். "இதை இங்கே கொண்டுவந்தால் இது அடிபட்டுப் போகும்" என்று சுண்ணக்கட்டியால் காட்டாதீர்கள். எது, எங்கே, எதோடு என்று சொல்லுங்கள். நேரமாகும் என்பீர்கள், ஒரு வரிக்கு நாலைந்து நொடி கூடுதலாகலாம். டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் 1955 முதல் முப்பது ஆண்டுகள் கற்பித்த நெமெத், பார்வையுள்ள மாணவர்களுக்காகக் கரும்பலகையில் தன் கையாலேயே எழுதினார்.

அன்புடன்,
ஒரு வாசிப்பாளர்