பட்டுக்கூட்டுக்குள் ஒரு கண்ணாடி

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்டு என்றால் புடவைதான் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். கூட்டைச் சலவை சோடா நீரில் கொதிக்கவைத்து, செரிசின் பசையை நீக்கி, மிஞ்சும் ஃபைப்ரோயின் புரதத்தை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசலில் கரைக்கிறார்கள். அப்புறம் உப்பைப் பிரித்துவிட்டு, தட்டில் ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடி போலத் தெளிந்த படலம்! அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒமெனெட்டோ, கப்லான் குழுவினர் இதில் லென்ஸும், ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நுண்வரிகளும் செய்து காட்டினார்கள். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் ஒளிவிலகல் எண் சுமார் 1.54, சாதாரணக் கண்ணாடிக்குப் பக்கத்தில். உடலுக்குள் வைத்தால் நாளடைவில் தானே கரையும்.

தருமபுரி சந்தையில் ஓட்டைக் கூடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடும்போது மனசு அடித்துக்கொள்கிறது. நூல் இழுக்க உதவாத கூட்டிலும் அதே புரதம்தானே? நம் கல்லூரி ஆய்வகங்கள் அதை வாங்கிப் பார்க்கட்டும்.

– பட்டு விவசாயி, தருமபுரி